சம்பந்தியின் வால் பக்கம்

மூன்று, இரண்டு, ஒன்று என்று திரையில் எண் ஓடி மறைந்ததும் எனக்கு நேர் எதிரே சம்பந்தியின் விமானம் ஒரு கொசு மாதிரி தெரிகிறது, அவருக்கு நான் இன்னொரு கொசு, இரண்டு பேருக்கும் ஒரே ரக விமானம், மூக்கில் காற்றாடி சுழலும் பழைய காலத்துப் போர் விமானம், ஒரே உயரம், பத்தாயிரம் அடி, சரி, ஆறாயிரம் அடி, இன்றைக்கு ஒரு நாளாவது எதையும் கூட்டிச் சொல்வதில்லை என்று காலைப் பூசையில் முட்டி போட்டபோதே முடிவு செய்துவிட்டேன், ஆகவே ஆறாயிரம்தான். ஒருவரை ஒருவர் கடக்கும்வரை சுடக்கூடாது என்பது பேச்சு. கடந்த பிறகு யார் யாருடைய வால் பக்கம் போய் உட்காருகிறாரோ அவருக்கு வேட்டை, மற்றவருக்கு ஓட்டம், விமானச் சண்டை என்பது இவ்வளவுதான், துப்பாக்கி முன்னால் இருக்கிறது, கண் பின்னால் இல்லை, அதனால் எல்லோருக்கும் எதிராளியின் முதுகு வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ராயபுரத்தில் என் வீட்டுப் பின்னறையில், என் மனைவி ஜெபமாலையின் தையல் மெஷின் மேசை விளிம்பில் ஜாய்ஸ்டிக்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, காலடியில் விமானத்தைத் திருப்புகிற மிதிகட்டைகளை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நான். தாம்பரத்தில் தன் வீட்டுக் கூடத்தில் சுவரை மறைக்கிற டிவிக்கு முன்னால் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் இன்னாசிமுத்து, என் ஒரே மகள் ஸ்டெல்லாவின் மாமனார், நிஜமாகவே போர் விமானம் ஓட்டினவர், நிஜமாகவே. அவருக்குப் பக்கத்தில் சோபாவில் ஸ்டெல்லாவும் மாப்பிள்ளை ரெக்ஸும். ரெக்ஸ் முறுக்கு கடிக்கிற சத்தம் ஹெட்போனில் என் காதுக்குள்ளேயே நடக்கிறது. ஸ்டெல்லாவின் சத்தம் மட்டும் இல்லை. அவள் பேசாமல் இருக்கிற சத்தம் எனக்குத் தெரியும், அது இது.

ஒரு நிஜத்துக்காக இவ்வளவு பாடு. ஈஸ்டர் விருந்தில், ஆட்டுக்கறியும் அப்பமும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, சம்பந்தி சொன்னார், இந்த விளையாட்டில் தன்னை ஆறு மாதமாக ஒருத்தனும் தொட்டதில்லையாம், போன செவ்வாய்க்கிழமை ‘கொக்கி’ என்று பேர் வைத்த எவனோ ஒருவன் வந்து மூன்றே நிமிடத்தில் வீழ்த்திவிட்டானாம், யாரோ பழைய விமானப்படை ஆளாகத்தான் இருக்க வேண்டும், ரஷ்யாக்காரனாகக்கூட இருக்கலாம். நான் வாயில் இருந்த அப்பத்தை விழுங்கிவிட்டு, அது நான்தான் சம்பந்தி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா, கப்பலில் வந்த திமிங்கிலத்தை முதுகு தடவிக் கொடுத்து இறக்கினேன் என்று சொன்னவன் நான், நார்வே கப்பல் கேப்டன் தன் தங்கையை எனக்குக் கட்டி வைக்கக் கேட்டுக் காலில் விழுந்தார் என்று ஜெபமாலை முன்னாலேயே சொன்னவன். செல்போனில் என் கணக்கைத் திறந்து கொக்கி என்ற பேரைக் காட்டினேன், அதை யார் வேண்டுமானாலும் பேர் வைத்துக்கொள்ளலாமே மாமா என்றார் ரெக்ஸ், மரியாதையாகத்தான். கை கழுவப் போனபோது ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள். “அப்பா, என் கல்யாணத்துக்குச் சொன்ன பொய்யையே நான் இன்னும் கழுவிக்கிட்டு இருக்கேன். இதுவும் வேணாமே.” பதினெட்டு வருடம். பெண் பார்க்க வந்தபோது, துறைமுகத்தில் என்ன வேலை என்று சம்பந்தியம்மா கேட்டதும், டிராஃபிக் ஆபீசர் என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. நான் கிரேன் ஓட்டுகிறவன் என்று ஆறு மாதத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, யார் சொன்னார்களோ. சம்பந்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு கதை சொல்லிச் சமாளித்திருப்பேன், அவர் கேட்காமலே விட்டுவிட்டார், மரியாதையில் அடிக்கிற அடிக்குத் தடுப்பு கிடையாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் கிரேன் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. நான் எடுத்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை அவரைச் சுட்டது நான்தான், மாதாமேல் சத்தியமாக நான்தான், எழுபத்து நாலு வயதில் என் வாயில் ஒரு நிஜம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு உட்கார இடம் கொடுக்க ஒருத்தரும் இல்லை. அப்படியானால் இன்னொரு தடவை பார்த்துவிடுவோமே சம்பந்தி என்று இன்னாசிமுத்துதான் முடிவு சொன்னார், ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு சண்டை.

கொசு காக்கையாகி, காக்கை கதவளவாகி, சர்ரென்று இடது பக்கத்தில் உரசிப் போகிறார், போய்விட்டார், இப்போது திரும்பணும். எல்லோரும் இங்கேதான் சாகிறார்கள். கடந்தவுடன் ஆவேசமாக ஜாய்ஸ்டிக் கம்பை வயிற்றுக்கு இழுத்து வளைத்தால் விமானம் வளையும்தான், வளைய வளைய வேகம் உதிரும், சல்லடையில் மாவு உதிர்கிற மாதிரி, வேகம் உதிர்ந்தவன் காற்றில் பழுத்த பழம், யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். முதல் மாதம் பூராவும் நான் பழம். நாலாயிரம் தடவை செத்தேன், இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு, விளையாட்டே எண்ணி வைத்திருக்கிறது. ஒல்லிப் பிச்சான் மாதிரிப் பேர் வைத்தவர்கள், நாய்ப் படம் போட்டவர்கள், யார் யாரோ என்னைச் சுட்டார்கள். நாலாவது மாதம் ஒரு மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கும்போது, என் கை எனக்குத் தெரியாமல் ஒன்று செய்தது. எதிராளி வளைகிறான், நான் அவனோடு வளையாமல் மேலே எழும்பினேன், மேலே போய் வேகம் குறைந்து, அவன் வட்டத்தின் உள்பக்கம் தலைகீழாய்ப் பார்த்து, அவன் எங்கே வரப்போகிறானோ அங்கே மெதுவாக இறங்கினேன். அவனே வந்து என் துப்பாக்கிக்கு முன்னால் நின்றான். நின்றான் என்றால் நின்றான், கொக்கியில் தொங்குகிற மூட்டை நிற்கிற மாதிரி. அப்போதுதான் உறைத்தது. இதை நான் முப்பத்தோரு வருடம் செய்திருக்கிறேன். கயிற்றின் நுனியில் பத்து டன் இரும்புத் தகடு ஆடுகிறது என்றால் புதுக் கிரேன்காரன் அதை எதிர்ப்பக்கம் இழுப்பான், ஆட்டம் இரண்டு மடங்காகும், கீழே நிற்பவர்கள் அவன் அம்மாவைக் கூப்பிடுவார்கள். தெரிந்தவன் இழுக்க மாட்டான். அது ஆடிப் போகிற பக்கமே கிரேன் கையையும் கொண்டுபோவான், சரக்கு ஆட்டத்தின் உச்சிக்குப் போய் ஒரு கணம் எடையே இல்லாமல் நிற்கும், அந்தக் கணத்தில் அதன் தலைக்கு நேர் மேலே போய் நிற்பான். ஆட்டம் செத்துவிடும். ஆடுகிற எதற்கும் ஒரு உச்சி உண்டு, உச்சியில் எல்லாமே ஒரு கணம் பலமற்று நிற்கும், யானையானாலும். சர்க்கஸ் யானையை இறக்கியதையும் சொல்லியிருக்கிறேன் இவர்களிடம், தும்பிக்கையால் முத்தம் கொடுத்தது என்று. யானை வேறு வாசல் வழியாக நடந்து போனது, நான் மேலிருந்து பார்த்தேன், அவ்வளவுதான் உண்மை. இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், கம்பை இழுக்காதே சவரிராயா, மேலே, மெதுவாக மேலே, அவர் வளையட்டும்.

ஹெட்போனில் வருகிறது, ஹுக் என்று, தொண்டையை அடைத்து விடுகிற ஒரு மூச்சு. அதோ வளைகிறார், வலது பக்கம், கூர்மையாக. செவ்வாய்க்கிழமையும், யாருடையது என்று தெரியாமலே, இதைத்தான் கேட்டேன், இது இவருடைய நிஜம். நிஜப் போர் விமானத்தில் கடுமையாகத் திரும்பினால் உடம்பின் எடை ஆறு மடங்காகி ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கிக் கண் இருட்டுமாம், அதற்குத் தொடையையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடிக்கப் பழக்குவார்களாம், அவரே ஒரு கிறிஸ்துமஸில் சொன்னார், நாற்காலியில் உட்கார்ந்து செய்தும் காட்டினார், ரெக்ஸின் தங்கை சிரித்து ஓடினாள். சோபாவில் எடை ஏறாது, ரத்தம் இறங்காது, ஆனாலும் முப்பது வருடம் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் போகுமா, திரும்புவதற்கு அரை நொடி முன்னால் அவர் வயிறு இறுகுகிறது, மைக் அதை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. கப்பல் வயிற்றுக்குள் இருக்கிற சரக்கை நான் பார்த்ததே கிடையாது, கப்பல் மேல்தட்டிலிருந்து எனக்குச் சைகை காட்டுகிற சிக்னல்மேன் சலேத் கையைத் தூக்குவதற்கு முன்னால் தோள் அசையும், நான் தோளைத்தான் பார்ப்பேன். ஏமாற்றா இது. காது கேட்பது ஏமாற்றானால் கண் பார்ப்பதும் ஏமாற்றுதான். ஹுக், இடது, நான் முன்னாலேயே இடது. ஹுக், மேலே, நான் முன்னாலேயே மேலே. இதோ அவர் வால், இதோ, மெலிசாக, காற்றாடி நூல் மாதிரி நடுங்கிக்கொண்டு என் குறிவட்டத்துக்குள் வருகிறது, அவருக்குக் கொஞ்சம் முன்னால் வெற்று வானத்தில் குறி வைக்கணும், குண்டு போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க வேண்டும், இருப்பார், கட்டைவிரல் பட்டன் மேல்.

“என்னங்க, தோத்தாச்சா?” என்று அடுப்படியிலிருந்து ஜெபமாலை. விரல் நின்றுவிட்டது. காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவர் மாப்பிள்ளை வீடு, நாம் பெண் கொடுத்தவர்கள், கௌரவமாகத் தோற்றுவிட்டு வந்து டீ குடியுங்கள். பதினெட்டு வருடத்தில் இந்த விரல் வேறென்ன செய்திருக்கிறது, மீன் தலையை அவர் தட்டுக்குத் தள்ளியிருக்கிறது, வேளாங்கண்ணிக்குப் போன வேனில் முன்சீட்டை அவருக்குக் காட்டியிருக்கிறது, போட்டோ எடுக்கும்போது நடுவில் நிற்கச் சொல்லி அவரைத் தொட்டு நகர்த்தியிருக்கிறது, கேரம் விளையாடினால் ரெட் காயை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த விரலுக்கு அவர் முதுகைப் பார்த்ததும் வணங்கத்தான் தெரிகிறது. அரை நொடி. அரை நொடி போதும் அவருக்கு, மூச்சே விடாமல் சட்டென்று வேகத்தைக் கொன்று ஒரு புரளல் புரண்டார், நான் அவரைத் தாண்டி முன்னால் ஓடிவிட்டேன், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து உயிர்ப்பந்தயத்தில் தோற்பது என்பது இதுதான், பின்னால் இருந்தவன் முன்னால் வந்தால் வேட்டைக்காரன் முயலாகிறான். தடதடவென்று இடது இறக்கையில் ஓட்டை விழுகிறது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். விமானம் இடது பக்கமாகச் சாய்கிறது, நான் கம்பை வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, தையல் மேசை ஆடுகிறது. ரெக்ஸ், டாடி சூப்பர் என்கிறார். போச்சு. போய்விட்டதா. இப்படியே போனால் இன்றைக்கு ராத்திரி தாம்பரம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதுதான் பயமாக இருக்கிறது, சொல்லவே மாட்டார்கள், ஸ்டெல்லா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். நான் செத்த பிறகும் அப்பா நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் என்பாள். வாய்தான் கொஞ்சம். கீழே கடல், சாம்பல் நிறக் கடல், நான் அதை நோக்கிச் சரிகிறேன், சரிந்தால் வேகம் வரும், வேகம் கொஞ்சம் கையில் சேரட்டும், லேசாக ஒதுங்கி ஒதுங்கிப் போ, ஒரே கோட்டில் பறக்காதே, அவர் குறி வைக்கிற இடத்தில் இல்லாமல் இரு.

அப்போது சம்பந்தி பேசுகிறார். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார், வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று டிவி சத்தத்தைக்கூட ஏற்றியிருக்கிறார், தெரிகிறது. “சம்பந்தி, போதும், நிறுத்திக்கலாம். எனக்குக் கை வலிக்குதுன்னு சொல்லிடறேன். அன்னைக்கு சுட்டது நீங்கதான்னு நானே சொல்லிடறேன், விடுங்க.” எவ்வளவு நல்ல மனிதர். தங்கமான மனிதர், அவரைத் தூக்கிக் கடலில் போடணும். எனக்கு நிஜத்தைப் பொய்யாகச் செய்து தட்டில் வைத்துக் கொடுக்கிறார். என்னிடம் இருக்கிற ஒரே நிஜம், அதையும் அவர் தயவில், அவர் சொல்கிற பொய்யாக நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பொய் வேண்டுமென்றால் என்னிடமே கிடங்கு நிறைய இருக்கிறதே, தாம்பரத்திலிருந்து எதற்கு வரவேண்டும். வேண்டாம் சம்பந்தி, நீங்கள் சுடுங்கள் என்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, அதில் ஒரு சம்பந்தி மரியாதையும் இல்லை. கீழே அலையின் நுரை தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டேன், வேக முள் சிவப்பைத் தொடுகிறது, இப்போது மெதுவாக, இழுக்காமல், கெஞ்சுகிற மாதிரிக் கம்பைப் பின்னால் கொண்டுவந்து, மூக்கை வானத்துக்குத் தூக்குகிறேன். மேலே. நேர் மேலே. வேகம் முழுவதையும் உயரமாக மாற்றிக்கொண்டு மேலே. பின்னால் அவர் வருகிறார், வருவார் என்று தெரியும், முன்னால் ஒரு முதுகு தனியாகத் தொங்கும்போது எந்த வேட்டைக்காரனால் வராமல் இருக்க முடியும். ஆனால் அவர் கீழே வளைந்து வளைந்து என்னைத் துரத்தியதில் அவர் வேகம் உதிர்ந்திருக்கிறது, நான் லேசாக மட்டும் ஒதுங்கிச் சரிந்து சேர்த்து வைத்திருக்கிறேன். அவர் குண்டுகள் பக்கத்தில் போகின்றன, ஒன்று, நாலு, ஒரு வரிசை, உயரம் ஏறுகிறது, இருநூறு, நூற்று ஐம்பது என்று வேகம் இறங்குகிறது, என் விமானமும் களைக்கிறது, அவருடையது அதற்கு முன்னால் களைக்க வேண்டும், ஒரு நொடி முன்னால், ஒரே ஒரு நொடி. நிஜ விமானமாக இருந்தால் அவர் இப்போது திரும்பியிருப்பார். இறக்கை காற்றின் பிடியை விடப் போகிறது என்றால் நாற்காலி முதுகில் நடுங்கிச் சொல்லுமாம், முப்பது வருடம் முதுகால் விமானம் ஓட்டினவர் அவர். சோபா நடுங்காது சம்பந்தி. சோபா ஒன்றுமே சொல்லாது. எனக்குச் சொல்லுவதற்கு நாற்காலி எப்போதும் இருந்ததில்லை, தூரத்துக் கயிற்றின் நுனியில் இருக்கிற கனத்தைக் கண்ணால் மட்டும் எடை போட்டவன் நான், இதோ பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், அவர் விமானத்தின் மூக்கு லேசாக, மிக லேசாக, சரக்கு உச்சிக்குப் போய் நிற்கிற மாதிரி, நின்றது. நின்றுவிட்டது. எடையே இல்லாமல். இப்போது. இடது காலால் திருப்பி, என் மூக்கு வானத்திலிருந்து சுற்றிக்கொண்டு கீழே விழ, அவர் தலைக்கு நேர் மேலே நான். ஓட்டையான இறக்கை அந்தப் பக்கம்தான் விழ ஆசைப்படுகிறது, விழு. ஜெபமாலை எதையோ சொல்கிறாள், டீ ஆறுகிறது என்கிறாளோ. குறிவட்டம் நிறையச் சம்பந்தி. மன்னிப்பெல்லாம் அப்புறம். விரல் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

ஒரு புகை, அப்புறம் ஒரு பெரிய ஆரஞ்சு நிறம், அப்புறம் கடலும் வானமும் மட்டும். கொக்கி வென்றார் என்று திரையில் எழுதுகிறது, எழுத்து கலங்கித் தெரிகிறது, கண்ணாடியைத் துடைக்கிறேன். ஹெட்போனில் ரெக்ஸ் முறுக்கைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். இந்த இடத்தில் நான் எத்தனையோ சொல்லலாம், வாய் ஊறுகிறது, சீனாக்காரன் ஒருவன் கனவில் வந்து சொல்லிக்கொடுத்தான் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். சம்பந்தி தொண்டையைச் செருமுகிறார். செவ்வாய்க்கிழமை வந்தது இதே கைதான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்கிறார், இந்தக் கையைத் தனக்குத் தெரியும் என்கிறார், மகனிடம் சொல்கிறார், மருமகளிடம் சொல்கிறார். பிறகு என்னிடம். “ஆனா சம்பந்தி, இது விளையாடிக் கத்துக்கற விஷயம் இல்லை. நீங்க எங்கேயோ பறந்திருக்கீங்க. சொல்ல முடியாத ஏதாவது வேலையா இருந்தா சொல்ல வேணாம், நான் கேக்க மாட்டேன்.” கடவுளே. என் வாழ்நாளில் நான் சொல்லத் துணியாத பொய், திமிங்கிலத்தையும் நார்வேக்காரனையும் சேர்த்துப் போட்டாலும் அதன் எடைக்கு வராத பொய், அதை ஒரு விங் கமாண்டர் தன் வாயால் சொல்லி, கையெழுத்தும் போட்டு நீட்டுகிறார். நான் சும்மா இருந்தால் போதும். ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து நான் ரகசிய விமானி, மீன் தலை என் தட்டுக்கு வரும். ஏன் இனிக்க மாட்டேன் என்கிறது. அதை எடுத்துக்கொண்டால் சுட்டது யார், எவனோ ஒரு விமானி சுட்டதாக ஆகும், கூண்டுக்குள் உட்கார்ந்து வெயிலில் வெந்து கயிற்றைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டவன் சுட்டதாக ஆகாது. “இல்ல சம்பந்தி” என்கிறேன். “நான் ஏரோப்ளேன்ல ஏறினதே இல்ல. கிரேன்தான். மூணாம் நம்பர் கிரேன், முப்பத்தோரு வருஷம். கிரேன்காரன் சுட்டான்னு சொல்லுங்க. உங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் அப்படியே சொல்லுங்க.” சொல்லிவிட்டேன். அந்தக் கூடத்தில் அந்தச் சொல் போய் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது, ஒன்றும் உடையவில்லை. அவர் எப்படி என்று கேட்கிறார், ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரியிடம் கேட்கிற குரலில், நானும் சொல்கிறேன், ஆடுகிற சரக்கைப் பற்றி, உச்சியைப் பற்றி, உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது என்பதையும் மறைக்காமல். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், அடப் பாவி என்கிறார், பதினெட்டு வருடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டது இப்போதுதான். அதற்கு நடுவில் சோபா கிரீச்சிடுகிறது, யாரோ எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் வருகிறார்கள், மூச்சிலேயே தெரிகிறது யார் என்று.

“எவ்வளவு உயரம்ப்பா இருக்கும், அந்தக் கிரேன்?” என்கிறாள் ஸ்டெல்லா.

நூற்று ஐம்பது என்று நாக்கு எழுந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது, அதைப் பிடித்து உள்ளே தள்ளுகிறேன். எழுபத்திரண்டு அடிம்மா, கேபின் வரைக்கும், என்கிறேன். எழுபத்திரண்டா, என்று அவள் மெல்லத் திருப்பிச் சொல்கிறாள், அம்மாடி அவ்வளவு உயரமா என்கிறாள்.